விளம்பரத்தைச் சோதனை என்று சொல்லாதீர்கள்

கார் வாங்க நினைப்பவர்களைத் தேடி இப்படியோர் அழைப்பு வருவதுண்டு: "எங்கள் செடானையும் போட்டி நிறுவனங்களின் செடான்களையும் ஒரே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். எது சிறந்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்." அழைப்பவர் அந்தக் கார்களில் ஒன்றைத் தயாரிப்பவர். மைதான வாடகை, பெட்ரோல், மதிய உணவு, பரிசுப் பை என எல்லாச் செலவும் அவருடையது. போட்டிக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்துபவரும் அவரே. அன்று மாலையே, வந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய காரைத் தேர்ந்தெடுத்ததாக முடிவு வெளியாகிறது. பிறகு அந்த முடிவே விளம்பரமாகிறது.

தன் பொருளைப் புகழ்ந்து விற்பது வணிகம். அதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்தப் புகழ்ச்சிக்குச் 'சோதனை' என்றும் 'ஒப்பீடு' என்றும் 'மக்கள் தீர்ப்பு' என்றும் பெயர் சூட்டுவது ஏமாற்று. போட்டியில் நிற்பவரே போட்டிக்கு விதி எழுதினால் அங்கே கிடைக்கும் முடிவுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதை மதிப்புள்ளதாகக் காட்டுபவர் யாராக இருந்தாலும் வாங்குபவருக்குத் துரோகம் செய்கிறார். இதுவே நம் நிலைப்பாடு.

இந்த முறை புதிதன்று. அமெரிக்காவில் 2006-07இல் ஃபோர்டு நிறுவனம் 'ஃபியூஷன் சேலஞ்ச்' என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் செய்தது. கார் இதழ்களின் வாசகர்களை அழைத்து, தன் ஃபியூஷன் செடானையும் டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு செடான்களையும் அடுத்தடுத்து ஓட்டவைத்தது. ஃபியூஷனுக்கே அதிக ஆதரவு என்ற முடிவை நாடெங்கும் விளம்பரப்படுத்தியது. அந்த ஒப்பீட்டில் நின்ற ஃபியூஷன் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகை. கேம்ரியும் அக்கார்டும் முன்சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்பவை. ஓட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் உணர்ந்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் எந்த வகைக் கார் எதனோடு மோதும் என்பது அவர்கள் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

நிகழ்ச்சியின் சூட்சுமமே இதுதான். யாரையும் பொய் சொல்லச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முடிவுகள் தன் கையில் இருந்தால் நிறுவனத்துக்குப் போதும்: எந்தக் கார், எந்தப் பாதை, எந்தக் கேள்வி.

முதலில் கார். தன்னிடமுள்ள டர்போ இன்ஜின் வகையை, போட்டியாளரின் சாதாரண இன்ஜின் வகைக்கு எதிரே நிறுத்தலாம். தன்னுடையது ஷோரூமிலிருந்து நேரே வந்ததாகவும், எதிராளியுடையது வாடகைக்கு ஓடித் தேய்ந்ததாகவும் இருக்கலாம். டயரில் காற்று சில புள்ளிகள் கூடினாலோ குறைந்தாலோ ஸ்டியரிங்கின் உணர்வும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் சுகமும், மைலேஜும் மாறிவிடும். வந்திருப்பவர்களில் யாரும் காற்றழுத்தத்தை அளந்து பார்க்கப்போவதில்லை.

அடுத்து பாதை. வளைவுகளில் நன்றாக நிற்கும் காருக்கு ஆரஞ்சுக் கூம்புகளை வளைவாக அடுக்கலாம். சஸ்பென்ஷன் இறுக்கமான காராக இருந்தால் குண்டும் குழியும் உள்ள பகுதியைத் தவிர்க்கலாம். ஆளுக்குச் சில நிமிட ஓட்டம் என்றால் பிக்கப் தெரியும். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கை முதுகை என்ன செய்யும் என்பது தெரியாது.

கடைசியாகக் கேள்வி. "எந்தக் கார் ஓட்ட உற்சாகமாக இருந்தது?" என்று கேட்டால் ஒரு விடை வரும். "எந்தக் காரில் உங்கள் தாயார் எளிதாக ஏறி இறங்குவார்?" என்று கேட்டால் வேறு விடை வரும். கருத்துப் படிவத்தை அச்சடிப்பவர் முதல் கேள்வியை மட்டும் அச்சடித்தால் இரண்டாவது விடை எங்கும் பதிவாகாது.

விதி எழுதும் உரிமை நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரசு ஆவணங்களே சாட்சி. 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜைக் கூட்டிச் சொன்னதாக ஒப்புக்கொண்டன. பல முறை சோதித்துச் சராசரியை எடுப்பதற்குப் பதிலாக, தங்களுக்குச் சாதகமாக வந்த முடிவுகளை எடுத்துக்கொண்டன என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறியது. 2014இல் அவை 10 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய சோதனையிலேயே இப்படி நடந்தது. எவருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத மைதான ஓட்டத்தை எப்படி நம்புவது?

2019 ஜனவரியிலும் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு கார்களைவிடத் தன் கார்கள் நம்பகமானவை என்று செவர்லே தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. ஆதாரமாகக் காட்டப்பட்டது அந்நிறுவனம் பணம் கொடுத்து எடுத்த கருத்துக்கணிப்பு. மூன்று போட்டியாளர்களும் எதிர்த்ததும் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. வலுவான போட்டியாளர்களுக்கு எதிர்க்க வக்கீல்கள் உண்டு. விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கிக் கார் எடுத்த குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்?

உண்மையான சோதனை எப்படி இருக்கும் என்பதையும் இதே கார் உலகம் காட்டியிருக்கிறது. 2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக் குழு ஒன்று ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, பஸ்ஸாட் ஆகிய இரண்டு டீசல் செடான்களையும் ஒரு பி.எம்.டபிள்யூ காரையும் சாலையில் ஓட்டி, புகைக்குழாயில் கருவி பொருத்தி அளந்தது. கார்களை நிறுவனத்திடம் கேட்டு வாங்கவில்லை. வாடகைக்கும் தனியாரிடமிருந்தும் எடுத்தது. பஸ்ஸாட்டை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டினார்கள். செலவுக்குப் பணம் கொடுத்தது தூய்மையான போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. ஆய்வகத்தில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட ஜெட்டா, சாலையில் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது. பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு வரை. 2015 செப்டம்பரில் உலகம் முழுக்க வெடித்த ஃபோக்ஸ்வாகன் மோசடி வழக்கின் தொடக்கம் அதுதான். ஆய்வகச் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று மென்பொருள் உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. இந்தியாவில் அந்நிறுவனத்துக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அந்தக் குழுவில் இரண்டு இந்திய இளைஞர்கள் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த அரவிந்த் திருவேங்கடம் ஒருவர். பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் கப்பண்ணா மற்றொருவர். உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்றின் பொய்யை வெளிக்கொண்டுவர அவர்களுக்குத் தேவைப்பட்டவை நேர்மையான கருவி, உண்மையான சாலை, தயாரிப்பாளரைச் சார்ந்திராத பணம் ஆகிய மூன்றுதான். நிறுவனம் நடத்தும் ஒப்பீட்டு விழாவில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

உண்மையான சாலை எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாடு-கர்நாடக எல்லையிலுள்ள பாலாற்றுச் சாலையை எடுத்துக்கொள்வோம். மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தபாடி வழியாக வரும் சாலை பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கர்நாடகத்துக்குள் நுழைகிறது. சாலை காட்டுக்குள் ஏறி மாதேஸ்வரன் மலையை அடைகிறது. பிறகு ஹனூர், கொள்ளேகால் வழியாக மைசூருக்குப் போகிறது. அமாவாசைக்கு அமாவாசை சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் இந்த வழியாகத்தான் மாதேஸ்வரனைக் கும்பிடப் போகின்றன. ஐந்து பேர் உள்ளே. டிக்கி நிறையச் சாமான். கோடை வெயிலில் ஏசி ஓடியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் நின்று, முதல் கியரில் மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக் சூடேறும். உயரமான வேகத்தடையில் செடானின் அடிப்பகுதி உரசும். பின்னிருக்கையில் நடுவில் உட்கார்ந்தவருக்குக் கால் வைக்க இடம் இருக்காது. மூட்டுவலிக்காரர் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழக் கைகொடுக்க ஆள் வேண்டும்.

வாங்குபவருக்குத் தெரிய வேண்டியவை இவைதான். சமதளத்தில் ஆரஞ்சுக் கூம்புகளுக்கிடையே, விற்பனைப் பிரதிநிதி பக்கத்தில் அமர்ந்திருக்க, ஆள் பாரம் இல்லாமல் ஓட்டிய ஓட்டம் இவற்றில் ஒன்றையும் சொல்லாது. கார் நிறுவனங்கள் அந்த வனச் சாலையில் விழா நடத்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. யானையும் புலியும் வாழும் காடு அது. வாங்குபவர் எந்தச் சாலையில் ஓட்டப்போகிறாரோ அந்தச் சாலையை நிகழ்ச்சி மறைக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு. அரசுச் சான்று பெற்ற மைலேஜ்கூட ஆய்வகத்தில், உருளைகளின் மேல், சுமார் இருபது நிமிட ஓட்டத்தில், ஏசியை அணைத்த நிலையில் அளக்கப்பட்டதுதான். அந்த எண்ணுக்கு மேலே நிறுவனத்தின் கைவண்ணமும் சேர்ந்தால் வாங்குபவர் கைக்கு எந்த உண்மையும் வந்து சேராது.

இதே வட்டாரத்தில் உள்ள அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் சந்தை கூடும். பர்கூர் மாடு வாங்க வருகிற விவசாயி, விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். பிறகு தன்னோடு வந்த விவரமான ஆளை விட்டுப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பக்கத்துக் கொட்டகை மாட்டின் குறையை இந்தக் கொட்டகைக்காரரிடம் கேட்கமாட்டார். மாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் அந்த எச்சரிக்கையை, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் காருக்கும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இலவசமாக நான்கு கார்களை ஒரே நாளில் ஓட்டும் வாய்ப்பு கிடைக்கிறதே, அது நல்லதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான்கு ஷோரூம்களுக்கு அலைய நேரமில்லாதவருக்கு அது உதவிதான். நான்கு ஸ்டியரிங்குகளைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றும் தெரியாமல் வாங்குவதைவிட மேல். வாய்ப்பை நாம் குறைசொல்லவில்லை. அங்கே கிடைத்த கருத்துகளைச் சேர்த்து, பொது உண்மை போல ஊருக்குச் சொல்வதைத்தான் கண்டிக்கிறோம். ஓட்டிப் பார்த்தவர் தனக்காகச் செய்துகொண்ட முடிவு அவருடைய சொத்து. அது அடுத்தவருக்குச் சான்றாக மாறும்போது, அந்தச் சான்று எப்படி உருவானது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

"எந்தச் சோதனைக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" என்பது அடுத்த வாதம். உண்மை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் மோதல் சோதனையின் செலவையும் கார் நிறுவனமே ஏற்கிறது. ஆனால் அங்கே எந்த வண்டி மோதப்பட வேண்டும் என்பதைச் சோதனை அமைப்பு தேர்ந்தெடுக்கிறது. மோதும் வேகம், மோதும் கோணம், மதிப்பெண் முறை எல்லாம் முன்கூட்டியே அச்சிட்டு வைக்கப்பட்டவை. செலவு ஒருவருடையது, விதி வேறொருவருடையது. அதனால்தான் அந்தச் சோதனை தரும் நட்சத்திரங்களுக்கு மதிப்பு.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டபோது, ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. எந்த மைதான ஓட்டத்திலும் தெரிந்திருக்க முடியாத உண்மை அது. ஐந்தில் ஒன்றான போலோவில் இரண்டு காற்றுப்பைகளை எல்லா வகைகளுக்கும் ஃபோக்ஸ்வாகன் கொடுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். சாலை விபத்துகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேரை இழந்த நாடு இது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இங்கே தவறான கார்த் தகவல் பணத்தோடு நிற்காமல் உயிரையும் தொடுகிறது.

இனி, இந்த நிகழ்ச்சிகளுக்குப் போய் எழுதுகிறவர்கள், படம்பிடிப்பவர்கள் பக்கம் வருவோம். நிறுவனத்தைவிட அவர்களையே நாம் கடுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் விற்க வந்தது. அது எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறவரை மக்கள் நம்புவது, தங்கள் பக்கம் நிற்பவர் என்ற எண்ணத்தில். விமான டிக்கெட், நட்சத்திர விடுதி, விருந்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, அதை ஒரு வரியிலும் சொல்லாமல் 'நேர்மையான ஒப்பீடு' என்று தலைப்பிடுவது அந்த நம்பிக்கையை விற்றுக் காசாக்கும் செயல்.

இதற்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிறுவனத்தின் செலவில் போய் எழுதினால், பயணமும் உபசரிப்பும் அந்நிறுவனத்துடையவை என்று கட்டுரையிலேயே கட்டாயம் சொல்ல வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றம் நிதித்துறைச் செய்தியாளர்களுக்கான நெறிகளில் வெகு காலத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. பணம் மட்டுமல்லாமல் பயணமும் விடுதித் தங்கலும் இலவசப் பொருளும் அந்தத் தொடர்பில் அடங்கும் என்று 2023 ஜனவரியில் அரசு விளக்கியது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

சட்டம் இருக்கிறது, அது வாங்குபவரை உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. 2014இல் ஃபோர்டு கிளாசிக் டீசல் செடான் வாங்கிய கேரளப் பெண் ஒருவருக்கு, விளம்பரத்தில் சொன்னதைவிட 40 சதவீதம் குறைவாகவே மைலேஜ் கிடைத்தது. திருச்சூர் நுகர்வோர் ஆணையம் அவருக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்க நிறுவனத்துக்கும் டீலருக்கும் உத்தரவிட்டது 2022இல். கார் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்காட இயலாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இஎம்ஐ கட்டுகிறார்கள்.

ஆகவே நாம் வலியுறுத்துபவை இவை. போட்டிக் கார்களோடு ஒப்பிடும் எந்த நிகழ்ச்சியின் முடிவையும் விளம்பரத்தில் பயன்படுத்தினால், செலவு செய்தவர் யார், எந்தெந்த வகைக் கார்கள், ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் ஓடியவை, டயர் காற்றழுத்தம் எவ்வளவு, எத்தனை பேரிடம் என்னென்ன கேள்விகள் கேட்கப்பட்டன என்பவற்றை அதே விளம்பரத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிட வேண்டும். சாதகமான கேள்விக்கு வந்த விடையை மட்டும் வெளியிட்டு மற்றவற்றை மறைப்பதை, தவறான விளம்பரம் என்றே மத்திய ஆணையம் கருத வேண்டும். போட்டிக் கார்களைத் தேர்ந்தெடுப்பதும் பாதை வகுப்பதும் நிறுவனத்தைச் சாராத ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இவை முடியாது என்றால், 'சோதனை', 'ஒப்பீடு' என்ற சொற்களை நிறுவனங்கள் கைவிட வேண்டும்.

பத்திரிகைகளும் காணொளி விமர்சகர்களும் உபசரிப்பை மறுக்க முடியாவிட்டால், அதை முதல் வரியில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், யார் என்று சொல்லாமல் கடையில் முழு விலை கொடுத்துக் கார் வாங்கிச் சோதிக்கிறது. விளம்பரம் எதையும் ஏற்பதில்லை. அகமதாபாத்தில் 1978இல் தொடங்கிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம், வீட்டு உபயோகப் பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. ஹூண்டாய், ரெனோ ஆலைகள் இயங்கும் தமிழ்நாட்டில், பொறியியல் கல்லூரிகள் நிறைந்த இந்த மண்ணில், கார்களுக்கு அப்படியொரு தமிழ் ஏற்பாடு இல்லாதது குறை. இரண்டு அரசுப் பொறியியல் கல்லூரிகளும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கைகோத்தால் அதைத் தொடங்கிவிடலாம். அரசு அதற்கு முன்கை எடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்பு வந்தால் போங்கள், ஓட்டிப் பாருங்கள். படிவத்தில் கையெழுத்திடும் முன் படியுங்கள். அங்கே முன்பணம் கட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து, பிடித்த காரின் டீலரிடம் நீங்கள் வாங்கப்போகும் அதே வகை வண்டியைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, உங்கள் தெரு வேகத்தடைகளிலும் உங்கள் ஊர் ஏற்றத்திலும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காத டீலரிடம் வாங்காதீர்கள். அந்தக் காரை ஏற்கெனவே இரண்டு ஆண்டு ஓட்டியவர் ஒருவரிடம் பேசுங்கள். மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள்.

விற்பவர் நடத்தும் ஒப்பீடு விளம்பரம்தான். அதைச் சோதனை என்று விற்பது மோசடி. அதற்குத் துணைபோகும் எழுத்து எழுத்தாளனின் நேர்மையை அடகுவைக்கிறது. இரண்டையும் ஏற்க மறுப்பது வாங்குபவரின் உரிமை. அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை.